நாய்க்கு முடி கொட்டுவதும் அது உண்ணும் உணவும்

நாய் வளர்க்கும் வீட்டில் காலையில் பெருக்கிய தரையை மதியம் பார்த்தால், கதவு மூலையில் மீண்டும் முடி உருண்டு கிடக்கும். சோபாவிலும் துவைத்து மடித்த துணியிலும் அது ஒட்டிக்கொண்டிருக்கும். இதைக் கண்டு சலித்தவர்கள் முதலில் ஷாம்பூவை மாற்றுகிறார்கள். பிறகு அடிக்கடி குளிப்பாட்டுகிறார்கள். கோடை வந்தால் மொட்டையடித்தும் விடுகிறார்கள். நாய் தினமும் எதை உண்கிறது என்ற கேள்வி கடைசியாகத்தான் எழுகிறது. உண்மையில் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும். முடி என்பது உணவிலிருந்து உடல் நெய்து எடுக்கும் பொருள். நூல் தரமில்லாமல் இருக்கும்போது துணியை எத்தனை முறை துவைத்தும் பயனில்லை.

ஒன்றை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். எந்த உணவாலும் நாயின் முடி உதிர்வதை முற்றிலும் நிறுத்த முடியாது. ஒவ்வொரு முடியும் வளர்ந்து, வளர்ச்சி நின்று, சில காலம் வேர்ப்பையில் சும்மா தங்கியிருந்து, பிறகு விழும். அந்த இடத்தில் புதிய முடி முளைக்கும். மனிதத் தலைமுடி பல ஆண்டுகள் வளரும் நிலையிலேயே இருப்பதால் அது நீளமாகிறது. பெரும்பாலான நாய்களுக்கு நேர்மாறு: முடி விரைவில் தன் முழு நீளத்தை எட்டி, வளர்ச்சி நின்ற ஓய்வு நிலையிலேயே நெடுநாள் இருந்து, பிறகு கூட்டமாக விழுகிறது. பூடில் போன்ற சில இனங்களில் மட்டும் முடி மனிதர்களுடையதைப் போல நெடுங்காலம் வளர்ந்துகொண்டே இருப்பதால், அவற்றுக்கு முடிவெட்ட வேண்டியிருக்கிறது. தரையிலும் முடி குறைவாகவே விழுகிறது. லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட், ஹஸ்கி, நம் ஊரில் பொமரேனியன் என்ற பெயரில் பெரிதும் வளர்க்கப்படும் இந்தியன் ஸ்பிட்ஸ் ஆகியவற்றுக்கு வெளிமுடிக்குக் கீழே பஞ்சு போன்ற அடிமுடியும் இருப்பதால் அவை அதிகமாகக் கொட்டும். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி போன்ற நம் நாட்டு இனங்களுக்குக் குட்டையான, ஒட்டிய முடிதான். அவையும் உதிர்க்கும் என்றாலும் வீட்டில் முடி உருண்டைகள் சேர்வதில்லை.

முடி எப்போது கூட்டமாக விழ வேண்டும் என்பதை உடல் பெரும்பாலும் பகல் வெளிச்சத்தின் நீளத்தைக் கொண்டே அறிகிறது. குளிர்நாடுகளில் கோடைப் பகலுக்கும் குளிர்காலப் பகலுக்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரியது என்பதால், ஆண்டுக்கு இருமுறை அடிமுடி மொத்தமாகக் கழன்று விழுகிறது. சென்னையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமே வேறுபாடு. அதோடு வீட்டுக்குள் இரவு வரை விளக்கும் எரிகிறது. எனவே இங்கே வீட்டுக்குள் வாழும் நாய்கள் பருவம் பார்க்காமல் ஆண்டு முழுவதும் சிறிது சிறிதாக உதிர்ப்பது இயல்பு. உணவால் குறைக்கக்கூடியது இந்த இயல்பான உதிர்வை அல்ல. சத்துக் குறைவால் முடி மெலிந்து, வறண்டு, ஒடிந்து, உரிய காலத்துக்கு முன்பே விழுவதையும், தோல் காய்ந்து செதில் செதிலாக உரிவதையும், அந்த அரிப்பால் நாய் சொறிந்து சொறிந்து முடியை இழப்பதையும்தான் உணவால் குறைக்க முடியும்.

முடியின் பெரும்பகுதி கெரட்டின் என்னும் புரதம். அதில் கந்தகம் கொண்ட அமினோ அமிலங்கள் மிகுதி. முடி கருகும்போது எழும் அந்தத் தனி நாற்றத்துக்குக் கந்தகமே காரணம். உடல் முழுவதும் மயிர் போர்த்திய விலங்குக்கு இதை ஓயாமல் உற்பத்தி செய்வது சாதாரணச் செலவு அன்று: நாய் அன்றாடம் பெறும் புரதத்தில் கால் பங்கு அல்லது அதற்குச் சற்று அதிகமான பகுதி தோலுக்கும் முடிக்குமே போய்விடுகிறது என்று கால்நடை ஊட்டவியல் நூல்கள் குறிப்பிடுகின்றன. உணவில் புரதம் குறைந்தால் உடல் இதயத்துக்கும் ஈரலுக்கும் தசைக்கும் முதலில் கொடுத்துவிட்டு, முடியின் பங்கில்தான் கை வைக்கும். ஆகவே ஊட்டக்குறைவு மற்ற இடங்களில் தெரிவதற்கு முன்பே முடியில் தெரிந்துவிடுகிறது.

அடுத்தது கொழுப்பு. முடி பற்றிய பேச்சில் புரதத்துக்குக் கிடைக்கும் கவனம் இதற்குக் கிடைப்பதில்லை. பல வீடுகளில் உண்மையான குறை இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. 1929-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் என்ற தம்பதியினர், கொழுப்பே இல்லாத உணவை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். எலிகளின் தோல் செதிலாக உரிந்தது; வால் புண்ணாகியது; முடி கொட்டியது. அடுத்த ஆண்டே, லினோலியிக் அமிலம் என்னும் குறிப்பிட்ட ஒரு கொழுப்பைச் சிறிதளவு கொடுத்தால் இந்நிலை மாறும் என்பதையும் அவர்கள் காட்டினார்கள். கொழுப்பு வெறும் எரிபொருள்தான் என்ற அக்காலத்து எண்ணம் அதோடு மாறியது. இந்த லினோலியிக் அமிலத்தை நாயின் உடலாலும் தானே தயாரித்துக்கொள்ள இயலாது. உணவில் வந்தால்தான் உண்டு. தோலின் மேலடுக்கில் செல்களுக்கு இடையே இது செங்கற்களுக்கு நடுவே பூசிய சாந்தைப் போல இருந்து, உடலின் ஈரம் வெளியே போய்விடாமல் காக்கிறது. சாந்து உதிர்ந்த சுவர்போலத் தோல் காய்ந்தால் பொடுகும் அரிப்பும் முடி உதிர்வும் வரிசையாக வருகின்றன.

இப்போது நம் வீடுகளின் தட்டைப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் எத்தனையோ நாய்கள் தயிர்ச்சோற்றையோ பால்சோற்றையோ உண்டே வளர்கின்றன. அதில் குறைசொல்ல ஏதுமில்லாத அன்பு இருக்கிறது. வீட்டார் உண்பதையே நாய்க்கும் பகிர்ந்து கொடுக்கும் பழக்கம் அது. சோறு நாய்க்கு ஆகவே ஆகாது என்று சிலர் சொல்வதும் சரியல்ல. மாவுச்சத்தைச் செரிக்கும் நொதியைத் தரும் மரபணு ஓநாயில் இரண்டு படிகளே இருக்க, நாயில் அது பல மடங்கு பெருகியிருப்பதைச் சுவீடனைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்டார்கள். மனிதனோடு சேர்ந்து வாழத் தொடங்கிய நாய், மனிதனின் தானியத்தையும் செரிக்கக் கற்றுக்கொண்டது என்றுதான் இதைப் புரிந்துகொள்ள வேண்டும். சோறு இருப்பதால் தவறு நேரவில்லை. சோற்றோடு இருக்க வேண்டியவை இல்லாததால்தான் நேர்கிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இது விளங்கும். 25 கிலோ எடையுள்ள, வளர்ந்த லாப்ரடார் ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,100 கலோரி தேவை என்று வைத்துக்கொள்வோம். முக்கால் கிலோ வெந்த சோறும் 200 கிராம் தயிரும் கொடுத்தால் அந்தக் கலோரி வந்துவிடும், வயிறும் நிறையும். ஆனால் புரதம் 27 கிராம் அளவில்தான் இருக்கும். வளர்ந்த நாய்க்கு 1,000 கலோரிக்குக் குறைந்தது 45 கிராம் புரதம் வேண்டும் என்பது ஆஃப்கோ என்னும் அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அலுவலர் சங்கத்தின் வரையறை. அதன்படி இந்த நாய்க்கு ஏறக்குறைய 50 கிராம் வேண்டும். லினோலியிக் அமிலமோ நாளொன்றுக்கு 3 கிராம் தேவைப்படும் இடத்தில் ஒரு கிராமைக்கூட எட்டாது, ஏனென்றால் சோற்றில் கொழுப்பே மிகக் குறைவு, தயிரின் கொழுப்பில் இந்த அமிலம் சொற்பம். நாய் மெலியவில்லை, ஓடியாடி விளையாடுகிறது, ஆனால் முடி மட்டும் பொலிவில்லாமல் கொத்துக்கொத்தாக வருகிறது என்று பலர் சொல்லும் நிலை இப்படித்தான் உண்டாகிறது. எங்கள் வீட்டு நாயின் முதல் இரண்டு ஆண்டுகள் இப்படியே கழிந்தன என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

இதைச் சரிசெய்யப் பெரிய செலவு தேவையில்லை. அதே நாய்க்குச் சோற்றை அரைக்கிலோவாகக் குறைத்து, எலும்பு நீக்கி வேகவைத்த கோழிக்கறி 120 கிராம், வேகவைத்த முட்டை ஒன்று, 100 கிராம் தயிர், சிறிது பூசணியோ கேரட்டோ, மேலே ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய் என்று மாற்றினால் கலோரி ஏறத்தாழ அதே அளவில் இருக்கும். புரதம் 55 கிராமை நெருங்கும். லினோலியிக் அமிலமும் 3 கிராமைத் தொட்டுவிடும். உப்பும் காரமும் வேண்டாம். வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக் கூடியவை என்பதால் சாம்பார்ச் சோறு, பிரியாணி மிச்சம் போன்றவற்றைத் தட்டில் போடவே கூடாது.

எந்த எண்ணெய் என்பது முக்கியம். நாயின் முடிக்குத் தேங்காய் எண்ணெய் நல்லது என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. நம் தலைக்கு அதைத் தடவிப் பழகியதால் வந்த நம்பிக்கையாக இருக்கலாம். ஆனால் தேங்காய் எண்ணெயில் லினோலியிக் அமிலம் நூற்றுக்கு இரண்டு பங்குதான். நல்லெண்ணெயில் அது நாற்பது பங்கு அளவிலும், கடலை எண்ணெயில் முப்பது பங்கு அளவிலும், வழக்கமான சூரியகாந்தி எண்ணெயில் அறுபது பங்கு அளவிலும் இருக்கிறது. எனவே இந்த நோக்கத்துக்கு நம் சமையலறையில் இருக்கும் நல்லெண்ணெயே போதும். அளவை மட்டும் மீறக் கூடாது. திடீரென்று அதிக எண்ணெய் சேர்த்தால் வயிற்றுப்போக்கு ஏற்படும். கொழுப்பு மிகுந்த உணவு சில நாய்களுக்குக் கணைய அழற்சியையும் கொண்டுவரும். கால் தேக்கரண்டியில் தொடங்கி, ஓரிரு வாரங்களில் மெல்ல உயர்த்த வேண்டும். சிறிய நாய்க்கு அந்தக் கால் தேக்கரண்டியே முழு அளவாகிவிடலாம்.

ஒமேகா-3 என்ற பெயரை இப்போது பலரும் அறிந்திருக்கிறார்கள். லினோலியிக் அமிலம் தோலைக் கட்டுகிறது என்றால், மீனெண்ணெயில் உள்ள ஈபிஏ, டிஎச்ஏ என்னும் ஒமேகா-3 அமிலங்கள் தோலின் அழற்சியைத் தணிக்கின்றன. ஆகவே அரிப்பால் சொறிந்து முடி கொட்டும் நாய்க்கு இவற்றால் பயன் அதிகம். ஆளி விதையிலும் ஒமேகா-3 உண்டு என்றாலும், அதில் இருக்கும் வகையை நாயின் உடல் ஈபிஏ-வாக மாற்றிக்கொள்வது மிகச் சிறிதளவே. மத்தி, அயிலை, நெத்திலி போன்ற மலிவான கடல்மீன்களே நமக்குக் கைக்கெட்டும் வழி. வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் கோழிக்கறிக்குப் பதிலாக மத்தி கொடுக்கலாம். குக்கரில் நெடுநேரம் வேகவைத்தால் அதன் முள் விரலால் நசுக்கினாலே நொறுங்கும் அளவுக்கு மென்மையாகிவிடும். அப்படி ஆகாத முள்ளை எடுத்துவிட வேண்டும். சில மீன்களில் தயமின் என்னும் உயிர்ச்சத்தைச் சிதைக்கும் நொதி இருப்பதால் பச்சையாகக் கொடுக்காமல் வேகவைப்பதே நல்லது. கருவாடு உப்பு மிகுந்தது, அது வேண்டாம். மாத்திரையாகவோ புட்டியிலோ மீனெண்ணெய் வாங்கிக் கொடுப்பதென்றால், நாயின் எடைக்கேற்ற அளவைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். மிகுதியாகக் கொடுத்தால் உடலில் உள்ள வைட்டமின் ஈ அதற்கே செலவாகிவிடும். இரத்தம் உறைவதும் தாமதப்படலாம்.

நுண்சத்துகளில் துத்தநாகத்தை மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தோல் செல்கள் விரைவாகப் பெருகுவதற்கு அது தேவை. தானியத்திலும் பருப்பிலும் உள்ள ஃபைட்டேட் என்னும் பொருள் துத்தநாகத்தைக் குடலிலேயே பிடித்துவைத்துக்கொள்வதால், கறியோ முட்டையோ இல்லாமல் முழுக்கத் தானியத்தையே நம்பிய உணவில் அது குறைவுபடுகிறது. குட்டி வேகமாக வளர வேண்டும் என்று அளவுக்கு மீறிக் கால்சியம் மருந்தை ஊற்றுபவர்களும் இதே குறைவை உண்டாக்கிவிடுகிறார்கள், ஏனென்றால் மிகுந்த கால்சியமும் துத்தநாகத்தை உறிஞ்சவிடாது. கண்ணைச் சுற்றியும் வாயோரத்திலும் முடி விழுந்து, தோல் தடித்து, பொருக்குக் கட்டுவது இதன் அடையாளம். சைபீரியன் ஹஸ்கி, அலாஸ்கன் மாலமூட் இனங்களில் சில நாய்களுக்குப் பிறவியிலேயே துத்தநாகத்தை உறிஞ்சும் திறன் குறைவு. அவற்றுக்கு நல்ல உணவு கொடுத்தும் இந்நோய் வருவதுண்டு. மருந்தாகவே துத்தநாகம் தர வேண்டியிருக்கும்.

முட்டையைப் பச்சையாக உடைத்து ஊற்றுவது பலரின் வழக்கம். பச்சை வெள்ளைக்கருவில் உள்ள அவிடின், பயோட்டினைப் பற்றிக்கொண்டு உடலில் சேரவிடாமல் செய்கிறது. பயோட்டினோ முடிக்கு வேண்டிய உயிர்ச்சத்து. எப்போதோ ஒருமுறை கொடுத்தால் ஒன்றுமில்லை, தினமும் கொடுப்பதானால் வேகவைத்தே கொடுக்க வேண்டும். ஈரலில் தாமிரமும் பல உயிர்ச்சத்துகளும் செறிந்திருக்கின்றன. வாரத்துக்கு ஒருமுறை சிறு துண்டு நல்லது. மலிவாகக் கிடைக்கிறது என்று தினமும் ஈரலையே கொடுத்தால் வைட்டமின் ஏ தேங்கி நஞ்சாகும்.

மேலே சொன்ன சோறும் கறியும் கொண்ட தட்டு, தயிர்ச்சோற்றைவிடப் பல மடங்கு மேல் என்றாலும், அது முழுமையான உணவு அன்று. எலும்பில்லாத கறியில் கால்சியம் மிகக் குறைவு. துத்தநாகம், அயோடின், வைட்டமின் டி, வைட்டமின் ஈ ஆகியவையும் அதில் போதாமல் போகலாம். வேகவைத்த கோழி எலும்பு சிம்பாகப் பிளந்து குடலைக் குத்தும் என்பதால் அதைக் கொடுத்து ஈடுசெய்யவும் முடியாது. முட்டை ஓட்டை உலர்த்தி மாவாக அரைத்துச் சேர்ப்பது கால்சியத்துக்கு நல்ல வழி. அதன் அளவையும், மற்ற நுண்சத்துகளுக்கான கலவையையும் கால்நடை மருத்துவரிடம் கேட்டு முடிவுசெய்ய வேண்டும். குட்டிக்கும் சினைநாய்க்கும் இந்தக் கணக்கு முற்றிலும் வேறு. அவற்றின் உணவை நாமே ஊகித்து அமைப்பது ஆபத்து. அசைவம் சமைக்காத வீடுகளில் முட்டையும் பன்னீரும் பருப்பும் கொண்டு புரதத்தை ஓரளவு எட்டிவிடலாம், ஆனால் துத்தநாகம் போன்றவற்றுக்கு மருத்துவரின் துணை கூடுதலாகத் தேவைப்படும்.

கடையில் விற்கும் உலர் உணவை நம்புபவர்கள், அது வளர்ந்த நாய்க்கான அல்லது குட்டிக்கான முழுமையான, சரிவிகித உணவு என்று பையில் அச்சிட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஈரம் நீக்கிக் கணக்கிட்டால் வளர்ந்த நாய்க்கு 18 சதவீதம் புரதம், 5.5 சதவீதம் கொழுப்பு, 1.1 சதவீதம் லினோலியிக் அமிலம் என்பவை ஆஃப்கோ வரையறுத்த கீழெல்லைகள். கீழெல்லையைத் தாண்டியதாலேயே முடி பளபளக்கும் என்று பொருளல்ல. விலை அதிகமான பை எல்லாம் மேலானது என்றும் பொருளல்ல. நம் ஊர் வெப்பத்தில் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. பெரிய மூட்டையைப் பிரித்து வைத்துக் கிலோக் கணக்கில் நிறுத்து விற்கும் உணவில், காற்றும் சூடும் பட்டு எண்ணெய் சிக்கு வாடை அடித்துவிடுகிறது. நாம் எதற்காக வாங்குகிறோமோ அந்தக் கொழுப்பு அமிலங்களும் வைட்டமின் ஈ-யும்தான் முதலில் கெடுகின்றன. மூடிய சிறிய பையாக வாங்கி, பிரித்த பிறகு காற்றுப் புகாமல் நிழலில் வைத்து, ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது. எந்த உணவிலிருந்து எந்த உணவுக்கு மாறினாலும் பழையதைக் குறைத்துப் புதியதைக் கூட்டி, ஏழு முதல் பத்து நாட்களில் மாற்ற வேண்டும்.

உணவு நல்லதாக இருந்தும் நாய் ஆண்டு முழுவதும் காதையும் பாதத்தையும் சொறிந்துகொண்டே இருந்தால், அந்த உணவில் உள்ள ஏதோ ஒன்று ஒவ்வாமல் இருக்கலாம். மாட்டிறைச்சி, பால்பொருள், கோழி, கோதுமை ஆகியவையே நாய்களுக்கு அதிகமாக ஒவ்வாமை தருபவையாக அறியப்பட்டுள்ளன. இதைக் கண்டறிய நம்பத்தக்க வழி, அந்த நாய் இதுவரை உண்டிராத ஒரு புரதத்தை மட்டும் மருத்துவர் மேற்பார்வையில் எட்டு வாரங்களுக்குக் குறையாமல் கொடுத்துப் பார்ப்பதுதான். இடையில் பாட்டி அன்போடு நீட்டும் ஒரு பிஸ்கட்கூட அந்த எட்டு வாரத்தையும் வீணாக்கிவிடும். எனவே வீட்டில் உள்ள அனைவரிடமும் முன்பே சொல்லி வைக்க வேண்டும்.

உணவை மாற்றித் தீராத முடி உதிர்வும் உண்டு, அதற்காகக் காத்திருக்கக் கூடாது. வட்ட வட்டமாக முடி விழுதல், தோல் சிவந்து புண்ணாதல், வாடை வீசுதல் ஆகியவை சொறிப்பூச்சியாகவோ படர்தாமரையாகவோ நுண்ணுயிர்த் தொற்றாகவோ இருக்கலாம். உண்ணியையும் தெள்ளுப்பூச்சியையும் ஒழிக்காமல் மத்தி மீன் கொடுத்துப் பயனில்லை. இரண்டு விலாப் பக்கமும் ஒரேபோல முடி மெலிந்து, நாய் எடை கூடி, சோம்பிக் கிடந்தால் தைராய்டு சுரப்பு குறைந்திருக்கலாம். வயிறு தொங்கி, தண்ணீர் அதிகம் குடித்தால் கார்டிசால் என்னும் ஹார்மோன் மிகுந்திருக்கலாம். இவற்றுக்கு இரத்தப் பரிசோதனை வேண்டும். குட்டி ஈன்ற பிறகும், கடும் காய்ச்சல் கண்டு தேறிய பிறகும், சில வாரங்கள் கழித்து முடி மொத்தமாகக் கொட்டுவது உண்டு. அது தானாகவே திரும்ப வளரும்.

உணவை மாற்றிய பிறகு பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரங்கள் ஆகும். சில நாய்களுக்கு மூன்று மாதமும் ஆகும். இன்று நாயின் மேல் இருக்கும் முடி, பல மாதங்களுக்கு முன் உண்ட உணவில் உருவானது. அது விழுந்துதான் தீரும், புதிய உணவில் உருவான முடி அதன் பிறகுதான் வெளியே வரும். இரண்டாம் வாரத்திலேயே பொறுமை இழந்து வேறு உணவுக்குத் தாவுகிறவர்கள் எதன் பலனையும் காண்பதில்லை. தரையைப் பார்த்து முன்னேற்றத்தை மதிப்பிடுவதும் கடினம், ஏனென்றால் தரையில் எப்போதும் முடி இருக்கும். வாரத்தில் ஒரே நாளில், ஒரே சீப்பால், பத்து நிமிடம் சீவி, வரும் முடியை ஒரு பாலித்தீன் பையில் போட்டுத் தேதி எழுதி வைத்தால் போதும். முதலில் பொடுகு குறையும். தோலைத் தடவினால் காகிதம்போல் இல்லாமல் மெத்தென்று இருக்கும். முதுகின் நடுவே மெல்லிய பளபளப்பு தோன்றும். அதன் பிறகுதான் பையில் சேரும் முடி குறையத் தொடங்கும். எங்கள் நாய்க்கு ஒன்பதாம் வாரத்துப் பையையும் முதல் வாரத்துப் பையையும் அருகருகே வைத்தபோது, முதல் வாரத்துப் பை ஏறத்தாழ இரண்டு மடங்கு இருந்தது. அதற்கடுத்த பைகளில் முடியின் அளவு பெரிதாக மாறவில்லை. அதுதான் அதன் இயல்பான உதிர்வு என்று புரிந்துகொண்டு பைகள் சேர்ப்பதை நிறுத்திவிட்டோம், சீவுவதை மட்டும் நிறுத்தவில்லை.